பள்ளியில் மௌனம், வீட்டில் அடம்: புது நாட்டுக்குப் போன நாலரை வயதுப் பையன்

கேள்வி: கணவரின் வேலைக்காக வெளிநாடு வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே இப்போது குளிர்காலம். மகனுக்கு நாலரை வயது, மகளுக்குப் பதினான்கு மாதம். மகன் மழலையர் பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்கிறார் ஆசிரியை. வீட்டிலும் தமிழை நிறுத்திவிட்டு இந்த நாட்டு மொழியிலேயே பேசச் சொல்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாமல் பேசுகிறான், பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடுகிறான், எதற்கெடுத்தாலும் அடம். ஒரு வருடத்துக்கு முன்பே நின்றுபோன, படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்துவிட்டது. சில நாள் பகலிலும் நனைத்துவிடுகிறான். இரவு 11 மணிக்கு முன் தூங்குவதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் மாறி மாறிச் சளி, இருமல், காய்ச்சல். டாக்டர் மருந்தே எழுதித் தருவதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சிரப்புகளைக் கொடுக்கலாமா? பையனுக்கு ஆட்டிசமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் திரும்பிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கும் சில நாட்களாகக் காரணமில்லாமல் அழுகை வருகிறது.

பதில்: ஆட்டிசம் பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது மனதில் இருக்கும்வரை நான் வேறு எது சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

விமானம் ஏறி இறங்கியதும் நாலரை வயதில் புதிதாக வருவதல்ல ஆட்டிசம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டாதது, முகம் பார்த்துப் பழகாதது, பாவனை விளையாட்டு இல்லாதது என்று அதன் அடையாளங்கள் பெரும்பாலும் 2 வயதை ஒட்டியே தெரியத் தொடங்கும். வீட்டிலும் இருக்கும், வெளியிலும் இருக்கும். பொம்மைகளுக்குப் பாடம் நடத்துகிற பையன், உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அடம்பிடிக்கிற பையன், எனக்கு அந்தக் கவலையைத் தரவில்லை. கடிதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதும் உண்மைதான். முன்பு சரளமாகச் சொன்ன சொற்களைத் தமிழிலேயே இழக்கிறான், வீட்டிலும் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

அப்படியானால் பள்ளியில் ஏன் மௌனம்? புது மொழிக்குள் தூக்கிப் போடப்பட்ட குழந்தைகள் பலர் முதலில் பேசவே மாட்டார்கள். சிலருக்கு இது சில வாரம், சிலருக்கு ஆறு மாதம்வரைகூடப் போகும். அந்தக் காலத்தில் அவர்கள் சும்மா இருப்பதில்லை, உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியையிடம் "இன்று பேசினானா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் வெளியே கிளம்பும்போது இவனும் ஷூவை எடுக்கிறானா, யார் பக்கத்தில் போய் உட்கார்கிறான், பாட்டு நடக்கும்போது உதடு அசைகிறதா, ஏதாவது வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்தாவது காட்டுகிறானா என்று கேளுங்கள். இதில் ஒன்றிரண்டு இருந்தாலே பையன் உள்ளே வந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அந்த டீச்சர் விளையாட்டை ஒருநாள் ஒளிந்திருந்து கேட்டுப் பாருங்கள். பள்ளியில் சொல்லாத சொற்களைப் பொம்மைகளிடம் சொல்லிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

"சொல்லு, டீச்சருக்கு ஹலோ சொல்லு" என்று நாலு பேர் முன்னால் நிறுத்துவதும், பேசினால் பொம்மை வாங்கித் தருவேன் என்பதும் வேண்டாம். ஆறு மாதம் தாண்டியும் சைகைகூட இல்லை, பிள்ளைகளோடு விளையாடவும் போவதில்லை, வெளியாள் யாராவது தமிழில் பேசினாலும் உறைந்து நிற்கிறான் என்றால் அது வேறு. வீட்டில் பேசி வெளியில் மட்டும் வாயடைத்துப்போகிற ஒரு பதற்றக் கோளாறு இருக்கிறது. சீக்கிரம் கவனித்தால் நன்றாகச் சரியாகும். பள்ளிக்கு வரும் உளவியலாளர் அல்லது பேச்சுப் பயிற்சியாளரிடம் அப்போது காட்டலாம்.

வீட்டுக்கு வந்ததும் அடம் என்பதற்கும் காரணம் இதுவே. பகல் முழுக்கப் புரியாத இடத்தில் கட்டுப்படுத்திக்கொண்டு இருந்துவிட்டு, பயமில்லாத இடத்தில் கொட்டுகிறான். பள்ளிவிட்டு வந்த முதல் அரைமணி நேரம் எதையும் விசாரிக்காதீர்கள். சாப்பிட ஏதாவது கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்ற யோசனையை, ஆசிரியையின் நல்ல மனதுக்கு நன்றி சொல்லிவிட்டு, விட்டுவிடுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது. முதல் மொழி நன்றாக வேரூன்றிய குழந்தைக்கு அடுத்த மொழி பிடிபடுவதும் எளிது. உங்களுக்கே தட்டுத்தடுமாறி வருகிற மொழியில் பேசினால் பையனுக்குக் கிடைப்பது அரைகுறை மொழியும் அரைகுறை அம்மாவும்தான். கொஞ்சுவதும் திட்டுவதும் கதை சொல்வதும் உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் நடக்கட்டும். இரண்டையும் கலந்து பேசினால் திருத்திக்கொண்டே இருக்கவும் வேண்டாம். மகளுக்கும் இதேதான். அவளுடைய சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அடுத்தது படுக்கை நனைவது. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கினால் மருத்துவர்கள் அதைத் தனியாகப் பார்ப்போம். இடம் மாறிய கலக்கம் ஒரு காரணம், சரி. ஆனால் எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிடக் கூடாது. பகலிலும் நனைக்கிறான் என்று எழுதியிருப்பதால் நான் முதலில் கேட்பது: பள்ளியில் இருக்கும் நேரத்தில் எத்தனை முறை கழிவறைக்குப் போகிறான்? பல குழந்தைகளுக்குப் பதில், ஒருமுறைகூட இல்லை. "உச்சா வருது" என்று சொல்ல அங்கே வார்த்தை இல்லை. இருக்கை பெரிது, கால் தரையில் எட்டாது, எழுந்ததும் தானாக இரைகிற ஃப்ளஷ் வேறு. காலையிலிருந்து அடக்கி அடக்கி, வீட்டு வாசலுக்கு வந்ததும் விட்டுவிடுகிறான். மலத்தையும் இப்படியே அடக்கினால் மலச்சிக்கல் வரும். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும், இரவிலும் நனையும். குளிருக்குத் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சேர்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது எளிது. பள்ளி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒருநாள் நீங்களே அந்தக் கழிவறைக்குக் கூட்டிப் போங்கள். ஃப்ளஷ்ஷை அவனே அழுத்திப் பார்க்கட்டும், தானாக இரைவதாக இருந்தால் எப்போது இரையும் என்று காட்டுங்கள். காலுக்கு ஒரு சின்ன ஸ்டூல் கேளுங்கள். வாய் திறக்க வேண்டாத ஏற்பாடாக, கழிவறைப் படம் வரைந்த அட்டை ஒன்றை அவன் பையில் தொங்கவிட்டு, அதைத் தொட்டுக் காட்டினால் போதும் என்று ஆசிரியையிடம் பேசிவையுங்கள். வந்ததும் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை அவர்களே அழைத்துப் போனால் இன்னும் நல்லது. தண்ணீரைப் பகலில் நிறையக் கொடுங்கள். இரவு நனைந்தால் திட்டு, கேலி எதுவும் வேண்டாம். மெத்தைக்கு மேல் நீர் ஒட்டாத விரிப்பு போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

இதோடு ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கிருமித்தொற்று, சர்க்கரை இரண்டையும் அது காட்டிக்கொடுக்கும். வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீரை மொடக் மொடக்கென்று குடிக்கிறான், எடை குறைகிறது, சோர்ந்து கிடக்கிறான் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகளுக்கு வருகிற முதல் வகைச் சர்க்கரை நோய் இப்படித்தான் தலைகாட்டும். புது ஊர் பழகவில்லை என்று நாள் கடத்திவிட்டால் ஆபத்து.

தூக்கத்துக்கு வருவோம். நேர மாற்றத்தால் வரும் குழப்பம் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும், மூன்றாம் மாதத்தில் அதைக் குற்றம் சொல்ல முடியாது. 3 முதல் 5 வயதுவரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவனைத் தூங்க வைக்கும் நேரத்தை விடுங்கள், எழுப்பும் நேரத்தைப் பிடியுங்கள். விடுமுறை நாளிலும் அதே நேரம். எழுந்ததும் திரையை விலக்கி வெளிச்சம் காட்டுங்கள், பகலில் குளிரானாலும் வெளியே விளையாட விடுங்கள். பள்ளியில் மதியம் தூங்க வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்புறம், தாத்தா பாட்டியோடு வீடியோ கால் எந்த நேரத்தில் நடக்கிறது? அவர்களுக்கு வசதியான நேரம் இவனுக்கு இரவு 9 மணியாக இருந்தால், அழைப்பை வாரக்கடைசிக் காலைக்கு மாற்றுங்கள். பெரியவர்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும்.

சளி, காய்ச்சல் விஷயத்தில் உங்கள் டாக்டர் பக்கம்தான் நான். பிள்ளைகள் கூடும் இடத்துக்குப் புதிதாகப் போகிற குழந்தைக்கு வருடத்தில் 8 முதல் 12 முறை சளி பிடிப்பது எந்த நாட்டிலும் வழக்கம். தங்கைக்கு அண்ணன் மூலம் வருகிறது. ஒவ்வொரு சளிக்கும் இருமல் மூன்று வாரம்கூட நீடிக்கும், அது அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் எப்போதும் இருமுவதுபோலத் தோன்றும். பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது.

ஊரிலிருந்து வந்த பெட்டியிலிருக்கும் ஆன்டிபயாட்டிக், பல மருந்து கலந்த சளி சிரப் இரண்டையும் அப்புறப்படுத்திவிடுங்கள். கலவை சிரப் பலவற்றில் காய்ச்சல் மருந்தான பாராசிட்டமாலும் இருக்கும். தெரியாமல் இரட்டை அளவு போய்விடும். பாராசிட்டமாலிலேயே ஒரு கண்ணி உண்டு. 5 மில்லியில் 120, 125, 160, 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு அளவில் சிரப்புகள் விற்கின்றன. கணக்கு, ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 16 கிலோ பையனுக்கு 240 மில்லிகிராம். 120 உள்ள பாட்டிலில் அது 10 மில்லி; 250 உள்ள பாட்டிலில் 5 மில்லிக்கும் சற்றுக் குறைவு. பழைய பாட்டிலுக்குப் பழகிய கை புதுப் பாட்டிலில் அதே அளவை ஊற்றினால் இரண்டு மடங்கு. லேபிளைப் படித்து, கரண்டியை விட்டுவிட்டு, சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். ஒரு வயது தாண்டியவர்களுக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். காய்ச்சல் இல்லாத நேரத்திலும் உங்கள் இரண்டு பிள்ளைகளின் வயதுக்கு 40-ஐத் தாண்டினாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினால் எழாமல் துவண்டாலோ, 8 மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டாலோ, அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ உடனே கிளம்புங்கள். காய்ச்சல் 5 நாளை எட்டினாலும் காட்ட வேண்டும். அவசர எண்ணும் வீட்டு முகவரியும் அந்த ஊர் மொழியில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கட்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. வெயில் குறைந்த மாதங்களில் வைட்டமின் டி சொட்டு மருந்து தேவைப்படும், கருத்த தோலுக்கு இன்னும் அதிகம். இந்த வயதில் பொதுவாக நாளுக்கு 400 முதல் 600 யூனிட். அங்குள்ள டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவினால் தோல் வெடிக்காது. காரில் குழந்தை இருக்கையின் வாரை மாட்டும் முன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். அதன் மேல் மாட்டினால் வார் இறுகியதுபோலத் தெரியும், மோதும்போது நெகிழ்ந்துவிடும்.

தடுப்பூசி அட்டையை டாக்டரிடம் காட்டிவிட்டீர்களா? 9 மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசியைப் பல நாடுகள் கணக்கில் எடுக்காது, 12 மாதத்துக்குப் பிறகு மறுபடி போடச் சொல்வார்கள். கூடுதலாக ஒன்று போவதால் கெடுதல் இல்லை. பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட விவரத்தையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காசநோய்க்கான தோல் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டி, வீண் கலவரம் ஆகும். பிசிஜியால் பாதிக்கப்படாத ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது.

கணவர் சொல்வதைப் பற்றி. திரும்புவதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விஷயம், நான் தலையிட மாட்டேன். ஆனால் மூன்றாம் மாதம், அதுவும் நடுக்குளிரில், யாருமே தூங்காத வீட்டில் அந்த முடிவை எடுக்காதீர்கள். பள்ளி ஆண்டு முடியும்வரை பொறுத்துப் பார்க்கலாம்.

உங்கள் அழுகையைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் அப்படிக் கடைசியில் வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்திருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாவிட்டாலோ, பிள்ளைகள் தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலோ அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சை இருக்கிறது, பால் கொடுக்கும் தாய்மாருக்கும் ஏற்ற மருந்துகள் உண்டு. வாழவே வேண்டாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே கணவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளைகளைக் காட்டப் போகும்போது சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைக்காமல், உங்கள் பெயரில் தனியாக அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். அன்று பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.