ஆஸ்டன் வில்லா கால்பந்து கிளப்பை ஆதரிக்கும் பிரபலங்கள் யார் யார்? உண்மையான ரசிகர்களா, பேருக்குத்தானா?

பட்டியல் மட்டும் போதும் என்பவர்கள் இதை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். இங்கிலாந்து இளவரசர் வில்லியம். ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸ். பிளாக் சபாத் இசைக்குழுவின் கீஸர் பட்லர், 2025இல் மறைந்த அதே குழுவின் ஓஸி ஆஸ்போர்ன். வயலின் கலைஞர் நைஜல் கென்னடி. முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன். இந்தக் கடைசி ஆளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் நண்பன் எவனோ ஒருவன் வில்லா, வில்லா என்று உயிரை விடுகிறான். மான்செஸ்டர், செல்சி, லிவர்பூல் என்று இத்தனை பெரிய டீம் இருக்க இவனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை, எந்த நடிகரைப் பார்த்து இதைப் பிடித்துக்கொண்டான் என்று உங்களுக்குச் சந்தேகம். இதே சந்தேகத்தைப் பல வருஷமாக என் தலையில் கட்டி வைத்திருக்கிறார்கள் எங்கள் ஊரில். அதனால்தான் பதில் கொஞ்சம் நீளம்.

நான் குன்னூரில் டாக்சி ஓட்டுகிறேன். அப்பா இங்கேயே பெட்போர்டு பக்கம் ஒரு பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். முதலாளி குடும்பம் மே மாதம் மட்டும் வரும். மற்ற பதினோரு மாதமும் அப்பாவும் ரோஜாச் செடியும்தான். கேட் தூணில் பங்களாவின் பெயரை வெட்டி வைத்திருப்பார்கள், அதில் கடைசி வார்த்தை வில்லா. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் இங்கிலீஷ் வார்த்தைகளில் அது ஒன்று.

1996இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் கேபிள் டிவி இருந்தது. ஒரு டீக்கும் வர்க்கிக்கும் காசு கொடுத்துவிட்டால் ஒரு மணி நேரம் யாரும் எழுப்பமாட்டார்கள். அங்கேதான் இங்கிலாந்து கிளப்புகளின் லீக் கப் இறுதி ஆட்டத்தைப் பார்த்தேன். லீட்ஸ் டீமை ஆஸ்டன் வில்லா 3-0 என்று அடித்தார்கள். மிலோசெவிச் ஒன்று, இயன் டெய்லர் ஒன்று, கடைசியில் டுவைட் யார்க் ஒன்று. வர்ணனையாளர் ஆஸ்டன் வில்லா என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அது ஒரு பங்களாவின் பெயராகவே கேட்டது. அங்கே வேலை செய்கிறவர்கள் சேர்ந்து டீம் கட்டியிருக்கிறார்கள், கப்பும் ஜெயித்துவிட்டார்கள் என்று சத்தியமாக நினைத்தேன். சிரிக்காதீர்கள். அருவங்காட்டில் பேக்டரிக்கு டீம் இருக்கிறது, வெலிங்டனில் ரெஜிமென்டுக்கு டீம் இருக்கிறது, ஒரு பங்களாவுக்கு ஏன் இருக்கக் கூடாது? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "எந்தப் பங்களாடா அது, கோத்தகிரி ரோட்டுலயா?" என்று கேட்டார். அவருக்கும் அது சாத்தியமாகத்தான் பட்டிருக்கிறது.

விஷயம் தெரிவதற்குள் மனசு ஒட்டிவிட்டது. ஆஸ்டன் என்பது பர்மிங்ஹாம் நகரத்தில் ஒரு பகுதி, கிளப் 1874இல் தொடங்கியது, 1982இல் ராட்டர்டாமில் பயர்ன் மியூனிக்கை 1-0 என்று தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பையே வாங்கியவர்கள் என்பதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டது. அந்த ஆட்டத்தில் பத்து நிமிஷத்துக்குள் கோல்கீப்பர் காயத்தால் வெளியேற, அதற்கு முன்னால் சீனியர் டீமுக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்த நைஜல் ஸ்பிங்க் உள்ளே வந்தார். கடைசி வரை ஒரு கோலும் விடவில்லை. நானும் எங்கள் ஏரியா டீமில் ரிசர்வ் கீப்பர். ஸ்பிங்க் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எங்கள் முதல் கீப்பருக்கு ஒரு நாள்கூட அடிபடவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது அந்த நடிகர் விவகாரம். பெயர் சொல்லமாட்டேன். நல்ல மனிதர், இதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

2011இல் எங்கள் ஊர் மைதானத்தில் மூன்று நாள் ஷூட்டிங். நான் யூனிட் வண்டி ஓட்டினேன். ஹீரோ மலைக்கிராமத்துப் பையன்களோடு புட்பால் ஆடுவது போல ஒரு காட்சி. காலையில் மூடுபனி. கோல் போஸ்டில் நின்றால் நடுக்கோடு தெரியாது. கேமராமேன் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறார், யூனிட் மொத்தமும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. கேரவன் கதவு திறந்து அவர் இறங்குகிறார். மெரூன் உடம்பு, வெளிர் நீலக் கை, வில்லா ஜெர்சியின் அதே நிறம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பதினைந்து வருஷமாக இந்த மலையில் தனியாளாக இந்த டீமைத் தூக்கிச் சுமந்தவன், எதிரே நம் ஆள் ஒருவர் வந்து நிற்கிறார். ஓடிப் போய்க் கேட்டேன்.

"சார், நீங்களும் வில்லாவா சார்?"

அவர் பக்கத்தில் இருந்த மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். "வில்லாவா? நமக்கு ஓட்டல்லதானே ரூம் போட்டிருக்கு?"

காஸ்ட்யூம் பையன்தான் காப்பாற்றினான். "அவர் சட்டையைச் சொல்றார் சார்." நடிகர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், அப்போதுதான் அதைப் போட்டிருப்பதே அவருக்குத் தெரிந்தது போல. "ஓ, இதுவா? இவங்க குடுத்தாங்க தம்பி." ஆனாலும் தோளில் கை போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அம்மா அதை பிரேம் போட்டு மாட்டினார். ஒரு காப்பி டாக்சி ஸ்டாண்டிலும் ஒட்டப்பட்டது. முடிந்தது கதை. அன்றிலிருந்து நான் அந்த நடிகரின் ரசிகன், அவர் வில்லா ரசிகர், அதனால் நானும் வில்லா. 1996, பேக்கரி, யார்க் என்று ஆரம்பித்தால் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அதற்கு மேல் ஒன்று நடந்தது. இரண்டு வருஷம் கழித்து காலேஜ் பையன் ஒருவன் ஸ்டாண்டில் அந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது வெஸ்ட் ஹாம் ஜெர்சிண்ணா" என்றான். சண்டைக்கே போனேன். அவன் விரலை வைத்துக் காட்டினான். நெஞ்சில் வில்லாவின் சின்னமான சிங்கம் இல்லை, குறுக்கும் மறுக்குமாக இரண்டு சுத்தியல். லண்டன் டீமான வெஸ்ட் ஹாமுக்கும் அதே மெரூன், அதே நீலம். பர்ன்லி டீமுக்கும் அப்படித்தான், 1910இல் வில்லாவைப் பார்த்தே மாற்றிக்கொண்டார்கள். இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணில் படவில்லை. ஸ்டாண்டில் சங்கத்துத் தோழர் ஒருவர் போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு, "சுத்தியல் இருக்கு, அரிவாள் எங்கேப்பா?" என்று கேட்டதைப் பத்து வருஷம் சொல்லிச் சிரித்தார்கள்.

அதனால்தான் கேமரூனைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றேன். 2015 தேர்தல் பிரசாரத்தில் ஒரு மேடையில் பேசும்போது, எல்லோரும் வெஸ்ட் ஹாமை ஆதரித்தால் எனக்குச் சந்தோஷம் என்கிற மாதிரி உளறிவிட்டார். அதுவரை தன்னை வில்லா ரசிகர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். சொந்தக்காரர் ஒருவர் கிளப்பின் தலைவராகவே இருந்திருக்கிறார். மூளை ஒரு நிமிஷம் வேலை செய்யவில்லை என்று பிறகு சமாளித்தார். உலகமே கைகொட்டிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவர் உண்மையான ரசிகரா என்று கேட்டால், இல்லை. நான் ஏமாந்தது கண்ணால். வாய் தவறிக்கூட என் வாயில் அந்தப் பெயர் வராது.

டாம் ஹாங்க்ஸ் விஷயத்தில் இங்கே யாராவது எகிறிக்கொண்டு வருவார்கள். அமெரிக்கக்காரருக்கும் பர்மிங்ஹாமுக்கும் என்ன சம்பந்தம், அந்தப் பெயரின் ஓசை பிடித்ததால் சேர்ந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறாரே, இது ஒரு ரசனையா என்று. ஐயா, எனக்கும் அதே காரணம்தானே? அவருக்கு அந்தப் பெயரில் என்ன தோன்றியதோ, எனக்கு ஒரு கேட் தூண் தெரிந்தது. பெயரைப் பார்த்துச் சேர்ந்தவன் பாதியில் ஓடிவிட்டால் திட்டுங்கள். ஓடவில்லையே!

வில்லியம் வேறு மாதிரி. பள்ளிக்கூடத்தில் கூட இருந்தவர்கள் எல்லாம் மான்செஸ்டர் யுனைடெட், செல்சி என்று இருந்ததால், ஏற்றமும் இறக்கமும் இருக்கிற நடுத்தர டீமாகத் தேடிப் பிடித்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். 2000இல் போல்டனுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக்குக் குல்லா போட்டுக்கொண்டு ரசிகர்களோடு உட்கார்ந்து பார்த்தாராம். அரண்மனையில் பிறந்தவருக்குக் கஷ்டத்தைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. நமக்கு அது வீடு தேடி வரும். ஆனாலும் 2016இல் வெறும் 17 புள்ளியோடு கடைசி இடத்தில் கிடந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கி, 2019இல்தான் மேலே வந்தோம். அந்த மூன்று வருஷமும் அவர் டீம் மாறவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக அவர் நம்மாள்.

ஓஸி ஆஸ்போர்னைப் பற்றி யாரும் கேள்வியே கேட்க முடியாது. ஆஸ்டனிலேயே வளர்ந்தவர், மைதானத்துக்குப் பக்கம். சின்ன வயதில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களின் கார்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சில்லறை வாங்கியிருக்கிறார். 2025 ஜூலை 5 அன்று அதே மைதானத்தில், வில்லா பார்க்கில், கடைசிக் கச்சேரி நடத்தினார். அந்த மாதமே 22ஆம் தேதி போய்விட்டார்.

கார் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் மைதானமும் சீசனுக்குக் கார் நிறுத்துகிற இடமாகிவிடுகிறது. ஏப்ரல் கடைசியில் கோல் போஸ்டைப் பிடுங்கி ஓரமாகப் போடுவார்கள். ஜூனில் திருப்பி நடுவதற்குள் மழை பிடித்துவிடும், டயர் தடமெல்லாம் குட்டையாக நிற்கும். லீவு நாளில்தான் பையன்களுக்கு ஆட நேரம், அந்த நேரத்தில்தான் மைதானம் இல்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் எங்கள் மைதானத்துக்கு விடுதலை கிடைக்கவில்லை. மனு கொடுத்தோம், ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். நீயே டாக்சிக்காரன், டூரிஸ்ட் வந்தால்தானே உனக்குச் சோறு என்பீர்கள். தெரியும். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டேதான் சொல்கிறேன்.

சரி, உங்கள் நண்பனுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுங்கள். வண்டியில் வில்லா ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். நான் ஒட்டினேன். ஸ்டிக்கர் கடைக்காரர் அழகாக இருக்கட்டும் என்று மெரூன் பின்னணியில் மஞ்சள் சிங்கத்தை வெட்டிக் கொடுத்தார். ஒரு நாள் கோத்தகிரிப் பக்கம் ஒரு பெரியவரை ஏற்றினேன், சிலோனிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பம். இறங்கும்போது, "தம்பி, அந்தச் சிங்கக் கொடியை ஏன்பா வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. புட்பால் என்று விளக்க வாயெடுத்தேன், வரவில்லை. அன்றைக்கே உரித்துவிட்டேன்.

2024 அக்டோபர் 2 ராத்திரி, நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை மணி. நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அதே பயர்ன் மியூனிக், இந்த முறை வில்லா பார்க்கில், ஐரோப்பியக் கோப்பையின் இப்போதைய பெயரான சாம்பியன்ஸ் லீக்கில். காலையில் கோயம்புத்தூர் ஏர்போர்ட் சவாரி இருந்தது, தூங்கியிருக்க வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் வராது என்று வண்டியை மேட்டில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு போனில் பார்த்தேன். இரண்டு மணி சுமாருக்கு எங்கள் ஜான் துரான் வெகு தூரத்திலிருந்து பயர்ன் கீப்பர் நோயர் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். கோல். மறுபடியும் 1-0. அரங்கத்தில் வில்லியமும் இருந்தார். எனக்குக் கட்டிப்பிடிக்க ஆள் இல்லை, ஹாரனை அமுக்கிவிட்டேன். தேயிலைக்குள் படுத்திருந்த காட்டெருமை ஒன்று எழுந்து நின்று ஹெட்லைட்டைப் பார்த்தது.

விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றார். "ராத்திரி ஹாரன் அடிச்சது நீதானே? என்ன, உங்காளு படம் ரிலீஸா?"