சுவரோரம் நிறுத்திய காரில் கீறல், டயரில் குத்து: எதிர்வீட்டுக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: தேவகோட்டையில் எனக்குச் சின்ன வீடு, கார் விட இடமில்லை. எட்டு வருடமாக எதிர்ப்புறம் இருக்கும் செட்டியார் வீட்டின் பின்சுவரோரம் நிறுத்துகிறேன். பங்காளிகள் எல்லாம் வெளியூரில் இருந்தார்கள். காவலுக்கு ஒருவர் மட்டும் உண்டு. போன வருடம் பங்காளிகளில் ஒரு பெரியவர் ஊரோடு வந்து தங்கிவிட்டார். ‘எங்க வாசல்ல வண்டி விடாதீங்க’ என்கிறார். அந்தப் பின்வாசல் கல்யாணம், சாந்திக்குத்தான் (அறுபதாம் கல்யாணம்) திறக்கும். முதலில் பூந்தொட்டி வைத்தார்கள், அப்புறம் கருங்கல். இரண்டு மாதத்துக்குள் டிரைவர் பக்கக் கதவில் நீளமாகக் கோடு, வைப்பர் உடைப்பு, போன வாரம் பின் டயரில் குத்து. யாரும் பார்க்கவில்லை. போலீஸுக்குப் போகலாமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: போலீஸுக்குப் போகலாம். ஆனால் உங்கள் கையில் இருப்பவை இரண்டு தனித் தகராறுகள். ஒன்று இடம், இன்னொன்று சேதம். இரண்டையும் ஒரே மனுவில் குழைத்து எழுதினால், ஸ்டேஷனில் முதல் பத்தியைப் படித்ததுமே ‘இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கங்க’ என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். டயர் குத்தியது அதற்குள் காணாமல் போய்விடும்.

முதலில் இடம். இதில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டு வருடம் நிறுத்தினீர்கள் என்பதால் அந்த இடத்தில் உங்களுக்கு அனுபவ பாத்தியதை எதுவும் வந்துவிடாது. தெரு பொதுச்சொத்து, உங்களுக்கும் உரிமையில்லை, அவருக்கும் உரிமையில்லை. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகள், ஒரு கட்டடத்தின் நுழைவாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் முன்னால் வண்டி நிறுத்தக் கூடாது என்கின்றன. அந்தக் கதவு தினமும் திறக்கிறதா, வருடத்துக்கு ஒரு கல்யாணத்துக்குத் திறக்கிறதா என்று விதி கேட்பதில்லை. ஆகவே கதவு அகலத்துக்கு நீங்கள் விட்டுத்தான் ஆக வேண்டும்.

அதே விதியின் மறுபக்கம் உங்களுக்குச் சாதகம். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடப்பவை. பின்சுவர் எவ்வளவு நீளம் ஓடினாலும் அதில் வாசல் என்பது கொஞ்சம்தான். மிச்சச் சுவருக்கு முன்னால் இருக்கும் தெரு அவர்கள் வாசல் ஆகாது. தெருவில் தொட்டியும் கல்லும் வைப்பது ஆக்கிரமிப்பு. எடுக்கச் சொல்லி நகராட்சி ஆணையருக்கு மனு கொடுக்கலாம். நீங்களே கல்லைப் புரட்டிப் போடாதீர்கள். அதைப் படம் பிடிக்க அந்தப் பக்கமும் ஒரு செல்போன் தயாராக இருக்கும்.

சுவர்தான் எல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. சில பழைய வீடுகளில் வெளிப்படியும், சுவரை ஒட்டிய ஓரடி ஈரடி மேடையும் பட்டாவுக்குள்ளேயே வரும். சிலவற்றில் படி தெருவுக்கு வந்து நிற்கும். இதைப் பேச்சில் தீர்க்க முடியாது. நகராட்சிப் பகுதி என்பதால் டவுன் சர்வே நிலப்பதிவேட்டின் நகலையும் வரைபடத்தையும் தமிழக அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்தில் வார்டு, பிளாக், சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். தெருவுக்குத் தனிச் சர்வே எண் இருக்கும். அந்தக் காகிதம் கையில் இருந்தால் பெரியவரிடம் பேசும் தொனியே மாறும், உங்களுடையதும் சேர்த்து.

கதவை மறித்தோ போக்குவரத்துக்கு இடையூறாகவோ நின்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவில் முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500 ரூபாய் அபராதம். பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியைச் சீருடைக் காவலர் அப்புறப்படுத்தவும் 127ஆம் பிரிவு இடம் தருகிறது. வெளியூர் போகும்போது வாரக்கணக்கில் அங்கேயே விட்டுப்போகிறவர் என்றால் அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள்.

இனி சேதம். யார் செய்தது என்பதற்கு முன், மனிதர் செய்ததுதானா என்று பாருங்கள். சாவியாலோ ஆணியாலோ கிழித்த கோடு இடுப்பு உயரத்தில், ஒரே ஓட்டமாக, கதவிலிருந்து கதவுக்குத் தாண்டிப் போகும். பானெட்டிலோ பம்பரிலோ மூன்று நான்கு மெல்லிய கோடுகள் பக்கம் பக்கமாக இருந்தால் பூனையைத் துரத்திய தெருநாயாக இருக்கலாம். கூரையில் பள்ளம் என்றால் மேலே பாருங்கள்: பூட்டிக் கிடக்கும் வீடுகளில் நாட்டு ஓடும் சுண்ணாம்புக் காரையும் உதிர்வது சாதாரணம். உங்கள் டயர் விஷயத்தில் குத்து எங்கே என்பது முக்கியம். தரையில் படும் பகுதியில் ஆணி என்றால் அது பஞ்சர், அவ்வளவுதான். பக்கச்சுவரில் கத்தி நுழைந்த மாதிரி பிளவு என்றால் அது தானாக வராது. பஞ்சர் கடைக்காரரிடம் அந்த டயரைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதையாவது ஊற்றிப் பெயிண்ட் பொங்கியிருந்தால் படம் எடுத்த கையோடு தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரேக் ஆயில் போன்றவை நேரம் போகப் போக உள்ளே இறங்கும்.

ஒவ்வொரு சேதத்தையும் தேதியோடு, கிட்டத்திலும் தள்ளி நின்றும் படம் எடுங்கள். தள்ளி எடுத்த படத்தில் நம்பர் பிளேட்டும் சுவரும் தெரிய வேண்டும். ரிப்பேருக்கு விடும் முன் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். இது ஏன் என்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவில் பிறர் சொத்தைச் சேதப்படுத்துவதற்கான தண்டனை சேதத் தொகையைப் பொறுத்து மாறுகிறது. பொதுவாக ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். 20,000 ரூபாயைத் தொட்டால் இரண்டு வருடம் வரை, ஒரு லட்சத்தைத் தொட்டால் ஐந்து வருடம் வரை. ஒரு லட்சத்துக்குக் கீழே இருக்கும் வழக்கில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. ‘எஃப்.ஐ.ஆர் போட மாட்டேங்கிறாங்க’ என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம் என்பது தெரிவதில்லை. அப்படியானால் புகார் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதைக்கூடத் தராவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் தனியார் சொத்துக்கும் பொருந்தும். குறைந்தது ஒரு வருடச் சிறை உள்ள சட்டம் அது. சில வழக்குகளில் போலீஸ் அதையும் சேர்ப்பதுண்டு. எந்தப் பிரிவு என்று மனுவில் நீங்கள் எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

பெரியவர் பெயரை எழுதலாமா? ‘இவர்தான் செய்தார்’ என்று எழுதாதீர்கள். பார்த்தவர் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். காவலுக்கு இருப்பவரோ, எஜமானர் மனம் குளிரட்டும் என்று வேறு யாரோ, வாடகைக்கு வந்த படப்பிடிப்பு வண்டியோகூட இருக்கலாம். பொய்ப்புகார் என்று ஆகிவிட்டால் அது உங்கள் பக்கம் திரும்பும். ‘இன்ன தேதியில் இப்படி வாக்குவாதம் நடந்தது, அதன் பிறகு இன்ன இன்ன தேதிகளில் இந்தச் சேதங்கள், சந்தேகத்தை விசாரிக்க வேண்டுகிறேன்’ என்ற அளவில் நிறுத்துங்கள்.

கேமரா வையுங்கள், உங்கள் வீட்டு முகப்பில், காரையும் தெருவையும் பார்க்கும்படி. எதிர்வீட்டு வளவுக்குள் எட்டிப் பார்க்கும் கோணம் வேண்டாம். அதற்கே ஒரு புகார் வரும். தெருமுனைக் கடையில் கேமரா இருந்தால் சம்பவம் நடந்த அன்றே போய்க் கேளுங்கள், ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையது அழிந்துவிடும். காட்சி கோர்ட்டில் செல்ல, மின்னணுப் பதிவுகளுக்கான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்பதால் வாட்ஸ்அப்பில் வந்த நகலை மட்டும் நம்பாமல் மூலப்பதிவைக் காப்பாற்றி வையுங்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் ஒரு ரூபாய்கூட வராது. முழுப் பாலிசி வேண்டுமென்றே செய்த சேதத்தை ஏற்கும், சி.எஸ்.ஆர் அல்லது எஃப்.ஐ.ஆர் கேட்பார்கள். ஆனால் டயர் மட்டும் குத்தப்பட்டு வண்டியில் வேறு சேதமில்லை என்றால் சாதாரணப் பாலிசியில் டயருக்குப் பணம் கிடையாது. கதவுக் கீறலுக்கு க்ளெய்ம் போடுமுன் கணக்குப் பாருங்கள். 1,500 சி.சி. வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாய். பெயிண்ட் பொருளில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். 20 முதல் 50 சதவீதம் வரை சேர்த்து வைத்த க்ளெய்ம் இல்லாச் சலுகையும் போய்விடும். ஒரு கதவு டிங்கரிங், பெயிண்டிங்குக்குக் கைக்காசே லாபமாக இருக்கும். கண்ணாடி முழுதாக உடைந்தால் கதை வேறு. அதற்குத் தேய்மானக் கழிவு இல்லை.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு தடவை நேரில் போய்ப் பேசிவிடுங்கள், மனு கொடுக்கும் முன்பே. வீடு ஒருவருடையதல்ல, பல புள்ளிகளுக்கு (பங்காளிக் குடும்பங்களுக்கு) பொது. அதனால் அவருக்கும் மற்றப் பங்காளிகளிடம் பதில் சொல்லும் கட்டாயம் இருக்கலாம். ‘வாசலை விட்டுத் தள்ளி நிறுத்துறேன் ஐயா. உங்க வீட்டு விசேஷத்துக்குப் பந்தக்கால் ஊன்றத் தேதி வச்சதும் ஒரு வார்த்தை சொல்லி விடுங்க, அந்த நாளெல்லாம் வண்டியே இங்க நிக்காது’ என்று சொல்லிப் பாருங்கள். டயரைப் பற்றி அந்தப் பேச்சில் எடுக்காதீர்கள். அவர் ஒப்புக்கொண்டால் வாசலுக்கு இருபுறமும் எவ்வளவு விடுவது, கல்லை எப்போது எடுப்பது என்பதை அடிக்கணக்கில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஒப்புக்கொள்ளாவிட்டால், கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப்பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம். கோர்ட் கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஒரு லட்சத்துக்குள்பட்ட தனியார் சேத வழக்கைப் பின்னாளில் நீங்களே சமரசம் செய்துகொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. தனியாக நஷ்டஈடு கேட்பதானால் சேதம் நடந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும். வாய்ச்சண்டை கைகலப்பாகும் என்று தோன்றினால் அமைதி காக்கப் பிணைப்பத்திரம் வாங்கச் சார் ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த நோட்டீஸ் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் வரும். மிரட்டல் இருந்தால் தவிர அந்தப் படி ஏறாதீர்கள்.