மகள் எம்.எஸ்சி. போகட்டும், மச்சானுக்கு நகை வைப்பதை நிறுத்துங்கள்

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். மாதச் சம்பளம் 48,000. மகள் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் கடைசி ஆண்டு. டேராடூனில் எம்.எஸ்சி. சேர ஆசைப்படுகிறாள், இரண்டு வருடத்துக்கு 3 லட்சம் ஆகும்போல. மச்சான் தொழிலுக்காக மனைவி நகையை 6 லட்சத்துக்கு அடகு வைத்து, 4 வருடமாக வட்டி மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைக்கிறேன். அவர் இப்போது, ‘மரம் படிச்சு என்ன வேலை கிடைக்கும், 5 லட்சம் கடன் வாங்கி சந்தன மரப் பண்ணையில் ஒரு பிளாட் போடு, 15 வருடத்தில் கோடி’ என்கிறார். மகளை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மகளின் 3 லட்சம் இல்லை, அந்த நகைக்கடன்தான். 6 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றே வைத்தாலும் வருடம் 54,000, மாதம் 4,500. நான்கு வருடத்தில் 2,16,000 கட்டியாயிற்று, அசல் அப்படியே 6 லட்சம் நிற்கிறது. எம்.எஸ்சி. செலவில் முக்கால்வாசிக்கு ஏற்கனவே மச்சானுக்காக வட்டி கட்டிவிட்டீர்கள்!

மகளுக்குக் கல்விக்கடன் வாங்குங்கள். 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீனோ நம் பங்குப் பணமோ கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் கிடையாது. 3 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் மாத வட்டி 2,500. இப்போது நகைக்குப் போகும் 4,500-ஐ இங்கே திருப்பினால் வட்டி போக அசலும் கொஞ்சம் குறையும். ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) இடங்களுக்கான முதுகலை நுழைவுத் தேர்வையும் அவளை எழுதச் சொல்லுங்கள், நல்ல இடம் பிடித்தால் வேளாண் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையோடு படிக்கலாம்.

வேலை பற்றி மச்சான் சொல்வது பாதி உண்மை. இந்திய வனப் பணிக்கு சமீப ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் சுமார் 150 இடமோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது, அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. ஆனால் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி வனப் பாதுகாவலர் பதவி இருக்கிறது, கோவை வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் மாதிரி இடங்களில் ஆராய்ச்சித் திட்ட வேலை உண்டு, சவுக்கும் தைல மரமும் விவசாயிகளிடம் வாங்கும் காகித ஆலைகளுக்கு நாற்றங்காலும் தோட்டமும் பார்க்க ஆள் வேண்டும். இந்தத் துறையில் பெரிய செலவு கட்டணம் அல்ல, தேர்வுக்குக் காத்திருக்கும் இரண்டு வருடம். மாதம் 10,000 என்றாலும் 2,40,000 ஆகிறது, அதற்குத்தான் நீங்கள் இப்போதிருந்தே எடுத்து வைக்க வேண்டும்.

சந்தனப் பிளாட் வேண்டவே வேண்டாம், அதுவும் கடன் வாங்கி! உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறாள், கேளுங்கள்: சந்தனம் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சி வளரும் மரம், விலை அதன் வைரத்துக்குத்தான் (நடுவில் இருக்கும் முற்றிய கட்டை), அது எத்தனை வருடத்தில் எவ்வளவு தேறும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 90-களில் தேக்குப் பண்ணைத் திட்டங்களில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். அதற்குப் பிறகுதான் 1999-இல் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி இதற்கென்று விதிமுறையே கொண்டு வந்தது.

இந்த முறை நகையைத் திருப்பி வைக்கும் தேதி வருவதற்கு முன்பே மச்சானிடம் பேசிவிடுங்கள். மாதம் 4,500 வட்டியை அவரே கட்டட்டும், அசலை எப்போது மீட்பார் என்று ஒரு தேதியும் எழுதி வாங்குங்கள். முடியாது என்றால், மீட்கிற அளவுக்கு நகையில் ஒரு பகுதியை விற்று மீதியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பேசும்போது உங்கள் மனைவியும் கூட இருக்கட்டும், நகை அவருடையது.