காட்டெருமை தோட்டத்துக்குள் வந்தால்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வேலியைக் காட்டெருமை முறிக்குது, கரண்ட் கம்பி கட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. வீட்டு கரண்ட்டை மட்டும் கொடுத்துடாதீங்க, காட்டெருமை செத்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போகணும், அதைவிட காப்பி பறிக்க வர்ற ஆள் காலில் பட்டால் என்ன பண்ணுவீங்க. காட்டெருமைன்னு சொன்னாலும் அது எருமை இல்லை, காட்டு மாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், பெரிய காளை ஒரு டன் வரை வரும், முள்கம்பி எல்லாம் அதுக்குத் தூசி. முதுமலைக் காடு மாதிரியே உங்க தோட்டத்து ஓரத்திலும் உண்ணிச்செடி (லாண்டனா புதர்) மண்டியிருந்தால் கீழே புல் வராது, அதை வேரோடு பிடுங்குங்க. வெளியே மேய்ச்சல் இருந்தால் உள்ளே வர்றது குறையலாம். பட்டாசு வேண்டாம், மிரண்டால் ஆள் மேலேயே பாயும். செடி சேதத்தைப் போட்டோ எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்க, சரியா?