வாசகர் கேள்வி பதில்: சீட்டை யாரிடம் விற்கப் போகிறீர்கள்?

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை பாடசாலைத் தொண்டர் கழகங்களைப் பற்றியவை. பல ஆண்டுகள் மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அத்தகைய கழகத்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவன் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கழகத்தில் 32 பேர் இருக்கிறோம். வரும் ஜனவரியில் முதலாம் தரத்தில் சேரவிருக்கும் 40 பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணங்கள் வழங்க 80,000 ரூபா தேவை. அதற்காக 500 ரூபா சீட்டில் இசை நிகழ்ச்சி ஒன்றை நடத்தவும், ஒவ்வொருவரும் பத்துச் சீட்டு விற்கவும் தீர்மானித்திருக்கிறோம். பொறுப்பாசிரியர் மட்டும் தயங்குகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(உயர்தர மாணவி, பொகவந்தலாவை)

பதில்: மகளே, உங்கள் ஆசிரியரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. 32 பேர் பத்துச் சீட்டு வீதம் விற்றால் 1,60,000 ரூபா வரும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்த 320 சீட்டுகளையும் வாங்கப் போகிறவர்கள் யார் என்ற கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தோட்டத்தில் உங்கள் டிவிசனிலும் (பிரிவிலும்) பக்கத்து டிவிசன்களிலும் கொழுந்து எடுப்பவர்கள்தாம். 2024ஆம் ஆண்டில் அவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. உங்கள் சீட்டு ஒன்றின் விலை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளை சீட்டோடு வாசலில் வந்து நின்றால் எந்தத் தாயும் இல்லையென்று சொல்ல மாட்டாள். வாங்கிக்கொண்டு, அந்த வாரம் கடைக் கணக்கில் கடன் ஏற்றுவாள். ஜனவரியில் உங்களிடம் கொப்பி வாங்கப் போகும் 40 பிள்ளைகளின் தாய்மாரும் சீட்டு வாங்கியவர்களில் இருப்பார்கள். தாயிடம் எடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு இடையில் ஒரு மேடையும் ஒரு மாலையும் எதற்கு என்பதே என் கேள்வி.

அதோடு ஒலிபெருக்கிக்காரர், ஜெனரேட்டர், கலைஞர்களின் வாகனம் என்று முதலில் பங்கு கேட்பவர்கள் வேறு இருக்கிறார்கள். நான் படிப்பித்த பாடசாலையில் ஓர் ஆண்டு இப்படித்தான் இசை மாலை நடந்தது; அன்று மாலை நான்கு மணிக்குப் பிடித்த மழை ஒன்பது மணிவரை விடவில்லை. எல்லோருக்கும் கொடுத்து முடித்தபின் மேசையில் மிஞ்சிய 2,150 ரூபாவை, எண்ணியதில் எங்கோ பிழை இருக்கும் என்ற நம்பிக்கையில், பொருளாளர் மூன்று தடவை எண்ணினார்.

ஆகவே முதலில் 80,000 ரூபா உண்மையில் தேவைதானா என்று பாருங்கள். பாடநூல்களை அரசாங்கம் 1980ஆம் ஆண்டு முதலும் சீருடைத் துணியை 1993ஆம் ஆண்டு முதலும் இலவசமாக வழங்கி வருகிறது. எஞ்சுவது அப்பியாசக் கொப்பி, பென்சில், பை, சப்பாத்து, குடை ஆகியவை. இவற்றுள் எந்தப் பிள்ளைக்கு எது இல்லை என்பது முதலாம் தர ஆசிரியைக்கும் பிள்ளை மடுவத்தை (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தை) பார்த்துக்கொள்பவருக்கும் தெரியும். அவர்களோடு உட்கார்ந்து பட்டியல் போட்டால் செலவு நிச்சயம் குறையும், அண்ணனின் பையை வைத்திருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது பை போய்ச் சேராது. சப்பாத்தை ஊகித்து வாங்காதீர்கள். பழைய பத்திரிகைத் தாளில் பிள்ளையை நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, உள்ளே பெயரை எழுதி, விளிம்போடு வெட்டி எடுங்கள். கால் வளரும் என்பதால் விரல் நுனியில் பெருவிரல் அகலம் கூடுதலாக விடுங்கள். அந்தத் தாள்களை நூலில் கோத்து ஹற்றனில் மொத்தமாக விற்கும் கடையொன்றுக்குக் கொண்டு போனால், விலை பேசுவதும் எளிது. எந்தச் சப்பாத்தும் ஒரு மாதத்தில் கடிக்காது.

பணத்தை லயத்துக்கு வெளியேயிருந்து தேடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்புக் கடைகளிலிருந்தும் ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்தும் ஊருக்கு வருகிற பழைய மாணவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் "உங்களால் இயன்றதைத் தாருங்கள்" என்று நன்கொடைப் புத்தகத்தை நீட்டுவதை விட, வெட்டியெடுத்த பாதத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, "இந்த அளவுக்கு ஒரு சோடி" என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் அதைத் திருப்பித் தந்தவர் ஒருவர்தான். அவரும் மறுநாள் காலையில் வந்து வாங்கிக்கொண்டு போனார். பெயரை மட்டும் மறைத்து, பின்புறம் ஓர் இலக்கம் எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது வழி, விளையாட்டுப் போட்டியன்றும் பெற்றோர் கூட்டத்தன்றும் அதிபரின் எழுத்து மூலமான அனுமதியோடு சிற்றுண்டிக் கடை போடுவது. ஒரு கிலோ கோதுமை மாவும் பாதித் தேங்காயும் இருந்தால் கனமான ரொட்டி பத்துக்குக் குறையாமல் வரும். கட்டச்சம்பலும் சாயத்தண்ணியும் சேர்ந்தால், பனி மூட்டத்தில் மைதானத்தைச் சுற்றி நிற்கும் கூட்டம் வேறெங்கும் போகாது. விருந்தினராக வரும் தோட்ட அதிகாரிகளும் வலயக் கல்வி அலுவலகத்தினரும் அங்கேதான் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலவசத் தட்டு வேண்டாம். பெற்றோர் கூட்டத்து நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால், பத்தாந் திகதிச் சம்பளத்துக்குப் பிந்திய வாரமாக இருக்கட்டும். பழைய பத்திரிகை, கடதாசிப் பெட்டி சேர்த்து விற்பதும் நல்லதுதான், ஆனால் நகரத்துக்கு ஏற்றிப் போகும் கூலியை முதலில் விசாரியுங்கள்.

காமன் கூத்தை மேடையேற்றிச் சீட்டுப் போடலாம் என்று யாராவது உங்கள் கூட்டத்தில் சொல்லக்கூடும். கம்பம் ஊன்றி, விரதம் இருந்து ஆடுகிற ஆட்டம் அது. தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

வருகிற ஒவ்வொரு ரூபாவுக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு எழுதி, இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அன்றே பொறுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள்; அதிபர் பணிக்கும் கணக்கில், பெரும்பாலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில், அது வைப்பிலிடப்பட வேண்டும். பொருளாளரின் வீட்டு அலுமாரியில் ஓர் இரவுகூட இருக்கக் கூடாது. பிள்ளைகள் திருடுவார்கள் என்பதால் அல்ல. லயக் காம்பராவில் அவசரச் செலவு எந்த இரவிலும் வரும், அந்தச் சோதனையை பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது முறையல்ல.

கேள்வி: எங்கள் பாடசாலையில் கழகமே இல்லை. லியோ, இன்டரக்ட் போன்ற சர்வதேசக் கழகங்களில் ஒன்றைத் தொடங்குவதா, நாமே ஒன்றை அமைப்பதா?
(மாணவர் தலைவர், வெலிமடை)

பதில்: லியோ இயக்கம் 1957இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பாடசாலையிலும், இன்டரக்ட் 1962இல் புளோரிடாவிலும் தொடங்கப்பட்டவை. முன்னதற்கு லயன்ஸ் கழகமும் பின்னதற்கு ரோட்டரி கழகமும் தாய்க் கழகமாக இருந்து பொறுப்பேற்க வேண்டும். அத்தகைய கழகம் உங்கள் நகரத்தில் இயங்கி, அதன் உறுப்பினர் ஒருவர் மாதத்துக்கு ஒரு முறையாவது உங்கள் பாடசாலைக்கு ஏறி வரத் தயாராக இருந்தால் தொடங்குங்கள். வழிகாட்டலும் வெளித்தொடர்பும் கிடைக்கும். அங்கத்துவப் பணம், சின்னம், பதவியேற்பு விழாவுக்கான உடை என்று ஒரு பிள்ளைக்கு என்ன செலவாகும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைக் கட்ட முடியாத பிள்ளைதான் பல வேளைகளில் மண்வெட்டி பிடிப்பதில் முதலாவதாக நிற்கும்.

இல்லாவிட்டால் எதற்கும் காத்திராதீர்கள். 1958ஆம் ஆண்டு ஏ. ரீ. ஆரியரத்ன என்ற ஆசிரியர் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட கிராமத்தில் தங்கி வேலை செய்ததிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. அந்த மாணவர்கள் புறப்பட்டபோது அவர்களிடம் சின்னமும் இல்லை, சர்வதேச இலக்கமும் இல்லை.

கேள்வி: எங்கள் கழக உறுப்பினர் எல்லோருக்கும் 16, 17 வயது. உலக இரத்த தான தினத்தன்று நாங்கள் இரத்தம் வழங்கலாமா?
(மாணவர், ஹற்றன்)

பதில்: வழங்க முடியாது தம்பி, இலங்கையில் இரத்தம் வழங்க 18 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும், மேலெல்லை 60. ஆனால் முகாமை ஒழுங்கு செய்யத் தடையில்லை. மாவட்ட வைத்தியசாலையின் இரத்த வங்கியோடு பேசி நாளைப் பெற்று, ஒருமுறை கொடுத்தவர் நான்கு மாதங்களுக்குப் பின்னரே மீண்டும் கொடுக்கலாம் என்பதை அண்ணன்மாருக்கு நினைவூட்டுங்கள். காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுவோர் இருப்பார்கள். அவர்களுக்கு ரொட்டி சுடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். தினம் ஜூன் 14. அது உங்கள் பக்கத்து மழைக்காலம் என்பதால் கூடாரத்தை நம்பாமல் மண்டபம் ஒன்றைக் கேளுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு வெளியூர்க் கழகத்தினர் எங்கள் தோட்டத்துக்கு வந்து எனக்கும் தங்கைக்கும் பாடசாலைப் பை கொடுத்தார்கள். வாங்கும்போது எடுத்த படத்தை முகநூலில் போட்டார்கள். தங்கை அந்தப் படத்தில் கிழிந்த சுவெட்டரோடு இருந்தாள். வகுப்பில் பல நாள் கேலி செய்தார்கள். பையை அவள் இன்றுவரை தூக்கவில்லை. இப்போது நானும் எங்கள் பாடசாலைக் கழகத்தில் இருக்கிறேன். அடுத்த நிகழ்வில் படமெடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
(தரம் 10 மாணவர், மஸ்கெலியா)

பதில்: தம்பி, பொறுப்பு சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

நன்கொடையாளர்கள் சான்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம். வாங்கிய பொருள்களை மேசையில் அடுக்கி ஒரு படம், கடைப் பற்றுச்சீட்டை ஒரு படம், கொப்பிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருக்கும் உங்கள் உறுப்பினர்களின் கைகளை ஒரு படம் எடுங்கள். இவற்றோடு, இத்தனை பிள்ளைகளுக்குப் பொருள்கள் கிடைத்தன என்று வகுப்பாசிரியர் கையொப்பமிட்ட தாளை அனுப்பினால் எந்தச் சான்றும் குறைவில்லை. பெறுகின்ற பிள்ளையின் முகம் எந்தப் படத்திலும் வரக் கூடாது. பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டுப் பெற்றோமே என்று சிலர் வாதிடுவார்கள். பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் சம்மதத்தை எந்தத் தாயால் மறுக்க முடியும்?

அடுத்த கூட்டத்தில் இன்னும் இரண்டைப் பேசுங்கள். மேடை போட்டுப் பெயர் வாசித்துக் கொடுப்பதை நிறுத்தி, வகுப்பாசிரியர் மூலம் வீட்டுக்குப் போகும் நேரத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பையின் மேல் கழகத்தின் பெயரை அச்சிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்; அது பிள்ளையின் முதுகில் ஒட்டிய விளம்பரப் பலகையாகிவிடும். தங்கையின் பையிலும் அப்படிப் பெயர் இருந்தால், அம்மாவிடம் சொல்லி அதன் மேல் ஒரு துணிப் பூவைத் தைத்துப் பாருங்கள். படத்தை நீக்கும்படி அந்தக் கழகத்துக்கு உங்கள் அதிபர் ஒரு கடிதம் எழுதுவதிலும் தவறில்லை.

கேள்வி: ஹற்றன், மாத்தளை, பதுளைப் பகுதிப் பாடசாலைக் கழகங்கள் சேர்ந்து இரண்டு நாள் ஒன்றுகூடல் நடத்தவிருக்கிறோம். ஜூலை மாதம், ஹற்றனில் என்பது இப்போதைய திட்டம். ஏதேனும் ஆலோசனை?
(கழகச் செயலாளர், பசறை)

பதில்: ஜூலையில் ஹற்றனில் கூடினால் இரண்டு நாளும் மண்டபத்துக்குள்ளேயே இருப்பீர்கள். மலையகம் ஒன்றானாலும் மழை இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும். அதே மாதங்களில் உங்கள் ஊவாப் பக்கம் வறண்ட காற்றடித்து, தேயிலைக்கு வாசனை ஏறுகிற காலமாக இருக்கும். ஆகவே ஜூலைதான் வசதி என்றால் பண்டாரவளை, பதுளைப் பக்கம் கூடுங்கள்; ஹற்றன்தான் வேண்டும் என்றால் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வையுங்கள். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை ஊவாவில் பெரிய கூட்டம் எதையும் வைக்காதீர்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது 2014 ஒக்டோபர் 29இல். டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியது 2025 நவம்பர் இறுதியில். எந்த மாதமானாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை முதல்நாள் மாலையில் பாருங்கள். பிள்ளைகள் வரும் வழியில் செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் பேச்சுக்கே இடமில்லாமல் ஒத்திவையுங்கள். ரயிலை நம்புவதானால், பாதை எதுவரை திறந்திருக்கிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டுச் சீட்டு எடுங்கள்.

நிகழ்ச்சி நிரலையும் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். அதில் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என ஏழு உரைகளை எண்ணினேன். இரண்டை வைத்துக்கொண்டு மற்ற நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையின் படிக்கட்டையோ நீர்த்தொட்டியையோ எல்லோருமாகச் சேர்ந்து திருத்துங்கள். பசறைப் பிள்ளையும் மாத்தளைப் பிள்ளையும் ஒரே தாச்சியில் சீமெந்து சுமந்தபின் அறிமுக அமர்வு தேவைப்படாது. இரவில் ஒவ்வொரு கழகமும் தன் வரவு செலவுக் கொப்பியைக் கொண்டுவந்து, எந்த முயற்சியில் நட்டப்பட்டது என்பதை மட்டும் சொல்லட்டும். வெற்றிக் கதைகள் ஏற்கனவே எல்லோர் தொலைபேசியிலும் இருக்கும்.

கேள்வி: என் மகள் உயர்தரம் இரண்டாம் வருடம். சனிக்கிழமைகளில் கழக வேலை என்று போனால் இருட்டியபின்தான் வருகிறாள். நல்ல காரியம்தான், ஆனால் பஸ் இறங்கித் தேயிலை மலையில் இரண்டு கட்டை (மைல்) நடக்க வேண்டும். நிறுத்திவிடலாமா?
(தாய், லிந்துலை)

பதில்: அம்மா, நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது பொறுப்புகளை அடுத்த வகுப்பினரிடம் கொடுத்துவிட்டு ஆலோசனை சொல்லுமளவில் நிற்பதே எந்தக் கழகத்துக்கும் நல்லது. அதை மகளிடம் நீங்கள் சொல்வதை விடப் பொறுப்பாசிரியர் சொன்னால் மனத்தாங்கல் வராது. பாதுகாப்பைப் பற்றிய உங்கள் கவலையில் ஒரு துளியும் மிகையில்லை. நகரத்தில் வீடுள்ள ஆசிரியர்களுக்குத் தோட்டத்துக் கடைசி பஸ் எப்போது புறப்படும் என்று பெரும்பாலும் தெரியாது. உங்கள் வழியில் போகிற பிள்ளைகள் எத்தனை பேர், வெளிச்சத்தில் வீடு சேர எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். அந்த பஸ் மூன்றே முக்காலுக்கு என்றால் கூட்டம் மூன்று மணிக்கு முடிந்துவிட வேண்டும்.