பிளஸ் ஒன் மகன் பையில் சிகரெட்: என்ன செய்யலாம்?
அக்கா, பையில் சிகரெட்டைப் பார்த்து அப்பா அடித்ததிலிருந்து மகன் பேசுவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அடி நிற்கட்டும். ஒளித்துப் பிடிக்கத்தான் அது கற்றுக்கொடுக்கும். புற்றுநோய்ப் படம் காட்டி மிரட்டுவதும் இந்த வயதில் அவ்வளவாக எடுபடாது. யாரோடு பிடிக்கிறான், விளையாடும்போது மூச்சு வாங்குகிறதா என்று சண்டையில்லாமல் கேளுங்கள். காலையில் எழுந்ததுமே சிகரெட் தேடினால் நிகோடினுக்கு உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண்ணில் அவனையே பேச வையுங்கள். விட்ட முதல் சில நாட்கள் எரிச்சலும் தூக்கக் குறைவும் இருக்கும், அப்போது தயவுசெய்து திட்டாதீர்கள். அப்புறம், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதும் பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி விற்கும் கடை இருந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், மகன் பெயரை இழுக்காமல்.