பதில்: பொலேரோ பிக்கப்பில் ஃபாக் லைட் சுவிட்ச் சூடாகிறது, மேலும் 2 சுவிட்ச் வைக்கலாமா?

புது லைட்டுக்கும் ஹாரனுக்கும் இன்னும் 2 சுவிட்ச் வைக்கலாம் சார். ஆனா முதல்ல இப்போ இருக்கிறதைச் சரி பண்ணுங்க. 55 வாட் பல்பு ரெண்டுன்னா 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். அது முழுக்க இக்னிஷன் ஒயர், டேஷ்போர்டு சுவிட்ச் வழியா ஓடுது, சூடாகாம என்ன செய்யும்? பெரிய ஃபியூஸ் மாத்துறது தீர்வே இல்லை, ஒயர்தான் எரியும்.

4 பின் ரிலே (சின்ன கரன்ட்டால பெரிய கரன்ட்டை ஆன் பண்ற சுவிட்ச்) ஒண்ணு போடுங்க. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் ரிலேயில 30ன்னு எண் போட்ட பின்னுக்கு. அதேபோல 87 எண் பின் லைட்டுக்கு, 85 பாடி எர்த்துக்கு, 86 சுவிட்சுக்கு. எர்த் போல்ட் அடியில பெயின்டைச் சுரண்டுங்க. பெயின்ட் தடுத்து எர்த் சரியா கிடைக்காம போனாலும் லைட் மங்கலா எரியும்.

சுவிட்சுகளுக்கு, சாவி போட்டா மட்டும் கரன்ட் வர்ற ஃபியூஸ்ல இருந்து 3 ஆம்பியர் ஃபியூஸோட ஒரு இணைப்பு எடுத்தா போதும். ரிலே காயில் கால் ஆம்பியர்கூட இழுக்காது. புது லைட்டுக்கும் ஹாரனுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ்.

உள்ளே விளக்கு உள்ள ராக்கர் சுவிட்சுல (ரெண்டு பக்கமும் சாய்ச்சு அழுத்துறது) பித்தளை நிறப் பின் பெரும்பாலும் எர்த். அதை 86க்கு மாத்திக் கொடுத்தா ஆன் பண்ணியும் ரிலே வேலை செய்யாது. ரிலேதான் போச்சுன்னு தேடிட்டே இருப்பீங்க. ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல உள்ள தகடு) ரப்பர் குரோமெட் (துளையில போடுற ரப்பர் வளையம்) இல்லாம ஒயர் விடாதீங்க.